உள்ளே இருப்பது மாமியாருடையது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவன் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து இருக்கையில் சொல்லித்தருகிறவள் காலடியில் இன்னொன்று இருக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவன் தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பான். எதிரே லாரி வரும்போது கார் ஏன் தானாகத் தயங்கியது என்று அவனுக்குத் தெரியாது. அவள் சன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள், கால் மட்டும் தன் வேலையைப் பார்க்கும். மற்ற பயிற்சியாளர்கள் எல்லாம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர்கள். இவள் வண்டிக்குள் கத்தியதே கிடையாது. கீழே இறங்கிவிட்டால் கதை வேறு. வாசலை அடைத்து வண்டி நிறுத்தியவன், "பொம்பளையா எனக்குக் கத்துத்தரப் போறா?" என்று இளித்தவன், எல்லோரும் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். இரண்டாம் முறை யாருக்கும் ஆசை வந்ததில்லை.

இப்பேர்ப்பட்டவளுக்குத்தான் நாற்பதைத் தொடும் முன்னாலேயே இரண்டு கிட்னியும் கைவிரித்தன. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டிப்போட்டார்கள். மிச்ச நாளில் அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். கணவன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். பேச்சுக்கும் அவனுக்கும் தூரம். அவனே வாயைத் திறந்து, "கொஞ்ச நாள் வீட்ல இரேன்" என்றான்.

"வீட்ல இருந்தா நாள் முழுக்க உங்கம்மா முகத்தைப் பாக்கணும். அதுக்கு அந்த ஆஸ்பத்திரி மெஷினே தேவலை" என்றாள் அவள்.

அந்த அம்மா சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஆயுசில் பாதியைக் கழித்து ஓய்வுபெற்றவள். ஓட்டை வழியாக நீளும் கையை மட்டும் பார்த்தே ஆளை எடைபோடுகிறவள். மருமகளைக் கல்யாணமான மறுமாதமே எடைபோட்டாயிற்று. வருஷங்கள் போய், பிள்ளை இல்லை என்று உறுதியானதும், தராசைக் கீழே வைத்துவிட்டாள். "எங்க வீட்டு ரத்தம் எதுவும் உன் வயித்துல தங்காது போல" என்பாள், காய் நறுக்கிக்கொண்டே, ஏதோ குழம்பில் உப்புக் குறைச்சல் என்பதுபோல. மருமகளும் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு நிற்கிறவள் அல்ல. இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சமையலறையை வருஷக்கணக்கில் போர்க்களமாக நடத்தினார்கள்.

கிட்னி கொடுக்க ஆள் தேடும் காலம் வந்தது. கணவனுக்குச் சர்க்கரை நோய். அவனை முதல் நாளே கழித்துவிட்டார்கள். அவளுடைய அண்ணனுக்கு எல்லாம் பொருந்திவந்தது, அதற்கப்புறம் அவர் போனை எடுப்பதுதான் பொருந்தவில்லை. ஒரு நாள் காலையில் மாமியார் டம்ளரை நங்கென்று மேசைமேல் வைத்தாள்.

"என்னுதைப் பாக்கச் சொல்லுங்க."

மருமகளுக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்றே சந்தேகம். "எதுக்கு அத்தை?"

"எதுக்கா? நீ போயிட்டா என் பையனுக்கு இன்னொருத்தியைத் தேடணும். அவளை முதல்லேருந்து பழக்கணும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை."

தெருவுக்குச் சிரிப்பு தாளவில்லை. ஒரே அடுப்படியில் ஒட்டாதவர்கள் ஒரே உடம்பில் ஒட்டுவார்களா என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு பெண்களும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பஸ்ஸில் தனித்தனி இருக்கையில்.

கிட்னி டாக்டர் தூக்கம் போதாத கண்ணோடு இருக்கும் மனிதர், ஆனால் பொறுமையாகச் சொன்னார். உடம்பின் செல்கள் தங்கள் மேற்பரப்பில் அடையாளங்களைச் சுமக்கின்றன. அதில் பாதி அப்பா கொடுத்தது, பாதி அம்மா கொடுத்தது. ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்கள் போகிற வழியெல்லாம் அந்த அடையாளங்களைத் தொட்டுப் பார்க்கின்றன. நம்முடையது என்றால் விலகிப் போய்விடும். அந்நியம் என்றால் கூட்டம் கூட்டும், பெருகும், அழித்துவிட்டுத்தான் ஓயும். வந்திருப்பது உயிரைக் குடிக்க வந்த கிருமியா, உயிரைக் காக்க வந்த கிட்னியா என்பதெல்லாம் அவற்றின் கவலை இல்லை.

மாமியார் தலையாட்டினாள். "வாசல்ல டிக்கெட் கிழிக்கறவன் மாதிரி. வர்றவன் நல்லவனா கெட்டவனான்னு அவனுக்கு எதுக்கு? டிக்கெட் இருக்கான்னு பாப்பான்."

"அதேதாம்மா."

"அப்போ என் கிட்னிக்கு டிக்கெட் கிடையாதே?"

"கிடையாது. எந்தக் காலத்திலயும் கிடையாது. வாசல்ல நிக்கறவனை மாத்திரை குடுத்து மந்தமா வச்சிருப்போம். அதான் வழி."

கடைசிப் பரிசோதனையில் மருமகளின் ரத்தத்தையும் மாமியாரின் செல்களையும் கலந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அங்கே ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் நல்ல செய்தி. டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "உங்களுக்குக் குழந்தை இல்லைல்ல?" என்று கேட்டார். மருமகளுக்குச் சுருக்கென்றது. இங்கேயுமா?

"ஏன் கேக்கறேன்னா," என்றார் அவர், "பிள்ளையோட அடையாளத்துல பாதி அப்பாவுது. கர்ப்பமா இருக்கும்போது சில அம்மாக்களோட உடம்பு அதைப் பாத்துட்டு அதுக்கு எதிரா தயாராகி வச்சுக்கும். உங்க கணவரோட அடையாளத்துல பாதி இவங்க குடுத்தது. நீங்க பிள்ளை பெத்திருந்தா, இவங்க கிட்னி உள்ள வந்த உடனே உங்க உடம்பு பாய்ஞ்சிருக்கலாம். அப்படின்னா இந்த ஆபரேஷனே நடந்திருக்காது. உங்க உடம்பு இந்தக் குடும்பத்தை இன்னும் பார்த்ததே இல்லை."

மாமியார் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே நின்றதும் மருமகள் கேட்டேவிட்டாள்.

"இப்ப சொல்லுங்க அத்தை. எனக்குப் பிள்ளை இல்லாதது குறையா?"

"வாயை மூடு. பஸ் வருது" என்றாள் மாமியார். பஸ் வரவில்லை. வந்தபோது மருமகளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

ஆபரேஷன் நடந்தது. பழைய இரண்டையும் அதனதன் இடத்திலேயே விட்டுவிட்டு, புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்தினார்கள். "மூணு கிட்னி வச்சிருக்கேன், வேலை பாக்கறது மாமியாருது மட்டும்" என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மாத்திரைகளைப் பற்றி டாக்டர் விளக்கியபோது அவரையே முந்திக்கொண்டு பிரேக் பாஷையில் பதில் சொன்னாள். ரொம்ப அழுத்தினால் எந்தக் கிருமி வந்தாலும் உடம்பு தடுக்காது. காலை எடுத்துவிட்டால் கிட்னியைப் போய் இடிக்கும். அழுத்தியும் அழுத்தாமலும் காலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"அந்தக் கிட்னி இருக்கற நாள் முழுக்க."

"அதானே என் வேலையே" என்றாள்.

டாக்டர் அனுமதித்த மறுவாரமே முகக்கவசத்தோடு பயிற்சிப் பள்ளிக்குப் போய் நின்றாள். முதலாளி நல்ல மனிதர். அலுவலகத்தில் ஒரு மேசை போட்டுத் தருவதாகச் சொன்னார். "மேசைக்குப் பிரேக் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் மாமியாரின் ஆட்சி புது மாதிரியாகத் தொடங்கியது. கிட்னியைக் கொடுத்தாளே ஒழிய உரிமையைக் கொடுக்கவில்லை. "என் கிட்னிக்குத் தண்ணி குடிச்சியா?" "என் கிட்னி வெயில்ல நிக்குது, உள்ள வா." "என் கிட்னிக்கு இவ்வளவு உப்பு ஆகாது." பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாலும், அவளுக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் தண்ணீர் குடித்தாளா என்று யாரும் கேட்டதில்லை.

வினை எதிர்வீட்டிலிருந்து வந்தது. அங்கே இருந்தவள் டப்பா டப்பாவாக ஏதோ வேர்ப்பொடி விற்றுவந்தாள். டப்பாமேல் 'எதிர்ப்பு சக்தி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். "இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணவளை வெறும் மாத்திரையிலயா விடுவீங்க? தெம்பு வேண்டாமா?" என்று மாமியார் காதில் போட்டாள். டாக்டர் வாசல்காரனை மந்தமாக்க வேண்டும் என்று சொன்னது மாமியாருக்கு நன்றாகவே நினைவிருந்தது. அந்த வாசல்காரனும் டப்பாவில் எழுதியிருந்த சக்தியும் ஒரே ஆள்தான் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. எதிர்ப்பு சக்தி நல்லது என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? தினமும் காலைப் பாலில் ஒரு கரண்டி போட்டு, கசப்பு தெரியாமல் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுக் கொடுத்தாள். சொன்னால் மருமகள் நூறு கேள்வி கேட்பாள் என்று சொல்லவில்லை.

பிரேக் மிதிக்கும் காலில் செருப்பு இறுக ஆரம்பித்தபோது மருமகள் கவனித்தாள். சாயங்காலத்துக்குள் பாதம் பன்போல் உப்பிவிடும். கிட்னி இருந்த இடத்தில் லேசாக ஒரு கனம். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாமியாரும் வழக்கம்போல் கூடவே வந்தாள், தன் சொத்தை மேற்பார்வை பார்க்க.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த விதமே சரியில்லை. கிட்னி கழிவை வடிகட்டுவது குறைந்திருந்தது. ரத்தத்தில் மாத்திரையின் அளவு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"எத்தனை வேளை விட்டீங்க?"

"எதை?"

"மாத்திரையை. உண்மையைச் சொல்லுங்க."

"ஒரு வேளைகூட விடலை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கொஞ்சம் நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சதும் விட்டுடுவாங்க. உங்க உடம்பு அந்தக் கிட்னியை அடிக்க ஆரம்பிச்சிருச்சு. இப்பவாவது மறைக்காதீங்க."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். வண்டிக்குள் ஒருபோதும் எழாத குரல் அந்த அறையில் எழுந்தது. "டாக்டர், பிரேக்ல காலை வச்சுக்கிட்டுச் சோறு திங்கறவ நான். ஒரு தடவை அசந்திருந்தா ஒரு ஆள் செத்திருப்பான். இதுவரைக்கும் ஒருத்தன்கூட சாகலை. என்னைப் பாத்தா மாத்திரையை விட்டுட்டுப் பொய் சொல்றவ மாதிரியா இருக்கு? உங்க கணக்குல தப்பு இருக்கு, இல்லைன்னா வேற எங்கயோ இருக்கு. தேடுங்க. எங்கிட்ட இல்லை."

மருமகளை அந்நியன் ஒருவன் பொய்க்காரி என்கிறான். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. அவளைத் திட்டும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று எண்ணுகிறவள் அல்லவா? சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நல்லா கேட்டுக்குங்க. அவ மாத்திரையை விட்டதில்லை, நான் சாட்சி. மாத்திரை மட்டுமா? அவளுக்குத் தெரியாம நான் தினம் காலையில பால்ல எதிர்ப்பு சக்திப் பொடி வேற போட்டுத் தர்றேன். அவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருக்கேன். எங்க வீட்டு ஆளைச் சும்மா சொல்லாதீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மருமகள் மெதுவாகத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை எல்லோருக்கும் விளங்கிவிட்டது, பிடித்தவளைத் தவிர. டாக்டர்தான் சொல்ல வேண்டியிருந்தது. எந்தக் காவலைத் தூங்கவைக்க அவர் மாத்திரை கொடுத்தாரோ அதைத் தட்டி எழுப்புகிற சாமான் அது. போதாததற்கு அதில் இருக்கும் ஏதோ ஒரு வேர் கல்லீரலை முடுக்கி, மாத்திரையை ரத்தத்தில் தங்கவிடாமல் கழித்திருக்க வேண்டும். கேட்கக் கேட்க மாமியாரின் முகம் வெளுத்துப்போயிற்று. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், "நானேவா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊசியால் கிட்னியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளை அணுக்கள் கூட்டமாகப் புகுந்திருந்தன. மருமகளைப் படுக்கவைத்து நரம்பு வழியாக மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அவள் முகம் வீங்கிப் பளபளத்தது. கிட்னி பிழைக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அடங்கினால் கிட்னி தங்கும், அடங்காவிட்டால் மறுபடி அந்த இயந்திரம்தான். கொடுக்க இனி யாரும் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் வந்தாள். தாய் தன்னை அறுத்துக்கொடுப்பதை ஆரம்பத்திலேயே எதிர்த்தவள். யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. கட்டிலருகே வந்து நின்றதும் ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கம்மா உசிரைப் பணயம் வச்சுக் குடுத்தாங்க. அதைக்கூட ஒழுங்கா மாத்திரை போட்டுக் காப்பாத்தத் துப்பில்லையா அண்ணி? எங்க வீட்டோட எதுவுமே உன் வயித்துல தங்காதா?"

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மருமகள் கையைத் தூக்கி அவனைத் தடுத்தாள். பொடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாத்தனார் வாய் அடைத்திருக்கும். சொல்லவில்லை.

"தங்கும்" என்றாள். "இந்த நிமிஷம் வரைக்கும் தங்கித்தான் இருக்கு. கீழ தொங்குற பையைப் பாரு. அந்த மூத்திரம் உங்கம்மா கிட்னி பிரிச்சது. நான் உசிரோட இருக்கற வரைக்கும் அதை விடமாட்டேன். நீ கத்தினாலும் சரி, என் உடம்பே கத்தினாலும் சரி."

கதவருகே நின்ற மாமியாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அவளைச் சொல்லாதேடி. நான்தான் பால்ல கலந்தேன்" என்றாள். முழுவதையும் சொன்னாள்.

நாத்தனார் தாயின் தோளை அணைத்துக்கொண்டு, "சரி விடும்மா. தெரிஞ்சா செஞ்சே? நல்லதுன்னு நினைச்சுத்தானே பண்ணினே. இதெல்லாம் நடக்கறதுதான்" என்றாள்.

கட்டிலில் கிடந்தவள் சிரித்துவிட்டாள். ஊசி குத்திய இடம் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தீங்களா அத்தை? இப்பத்தான் பொன்குடமா இருந்துச்சு. மாமியார் உடைச்சதுன்னு தெரிஞ்சதும் ஒரே நிமிஷத்துல மண்குடமாயிடுச்சு!"

கணவனும் சிரித்தான். நாத்தனார் முகம் சிறுத்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வெளியே போய் வராந்தாவில் டாக்டரை மறித்தாள். "இன்னொண்ணு இருக்குல்ல என்கிட்ட. அதை எடுத்துக்குங்க. இந்தத் தடவை நான் அடுப்படிப் பக்கமே போகமாட்டேன்."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுலயும் அதே அடையாளம்தாம்மா இருக்கும். அதுவும் இல்லாம நீங்க வாழணும்ல?"

மருந்து மெல்ல வேலை செய்தது. கிட்னி தங்கிவிட்டது, பழைய வலுவோடு இல்லை. சில இடங்களில் தழும்பு விழுந்துவிட்டது, அது ஆறாது என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பும் அன்று, முன்பு சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, எச்சரிக்கவும் செய்தார். "உங்க உடம்பு இப்ப உங்க மாமியாரைப் பாத்துருச்சு. இனி மறக்காது. அடுத்த தடவை இதைவிட வேகமா வரும்."

"அது மறக்க வேண்டாம் டாக்டர். நானும் மறக்கப் போறதில்லை. யார் பெரியவங்கன்னு ஒரு கை பாத்துடறோம்."

வீட்டு வாசலில் டாக்சி ஒன்று நின்றிருந்தது. உள்ளே போனால், கூடத்தின் நடுவில் மாமியாரின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. நாத்தனார் செருப்பைக் கழற்றாமலே நின்றாள், அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக. அடுப்பின்மேல் ஒரு பாத்திரம்கூட இல்லை, அடுப்படியைத் துடைத்து வைத்திருந்தது. எதிர்வீட்டு டப்பா குப்பைக்கூடையில் தலைகீழாகக் கிடந்தது.

மாமியார் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "நான் இங்க இருந்தா, பாசம்னு சொல்லிக்கிட்டு நாளைக்கு வேற எதையாவது கலப்பேன். என் கையை எனக்கே நம்பிக்கை இல்லை. நீயாவது நல்லா இரு."

"அம்மா, டாக்சி நிக்குது" என்றாள் நாத்தனார்.

மருமகள் போய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். முகக்கவசத்தை இறக்கினாள். வீங்கிய முகம், கோபம் மட்டும் பழையபடி.

"அத்தை, உங்க கிட்னியையே உள்ள வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அதை நம்பறவ, ரெண்டு கையை நம்பமாட்டேனா? அப்புறம் ஒண்ணு கேட்டுக்குங்க. உங்களை வெளிய துரத்தணும்னு என் உடம்பு பகல் இரவு பாக்காம நிக்குது. அதை வேளா வேளைக்கு மாத்திரை போட்டு, உப்பைக் குறைச்சு, முகத்தை மூடிக்கிட்டு, நான் ஒருத்தி அடக்கி வச்சிருக்கேன். துரத்தற உடம்புகிட்டயே விடாதவ, நீங்களா பெட்டி கட்டினா விட்டுடுவேனா? டாக்சியை அனுப்புடி. எனக்குப் பசிக்குது. பால் வேணும் அத்தை, சர்க்கரை தூக்கலா."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். பால் பாத்திரத்தை எடுக்கும் சத்தமும் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தமும் கேட்டன. அங்கிருந்தே குரல் வந்தது, கொஞ்சம் உடைந்து, ஆனால் பழைய அதிகாரத்தோடு:

"சர்க்கரையெல்லாம் கிடையாது. என் கிட்னிக்கு ஆகாது."